பளபளக்கும் மரத்தட்டு: விற்கும் முன் நாம் அறிய வேண்டியவை



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பனியன் கம்பெனிகளில் இருந்து நமக்கு ஆர்டர் வரத் தொடங்கிவிடும். முந்திரி, பாதாம், உலர்திராட்சை, பேரீச்சை எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் அட்டைப் பெட்டியே போதுமானதாக இருந்தது. பிறகு பிளாஸ்டிக் தட்டு வந்தது. சில ஆண்டுகளாகக் கடைசல் பிடித்த மரத்தட்டைக் கேட்கிறார்கள். அதன் விளிம்பில் செதுக்கு வேலை இருக்க வேண்டும், அதன்மேல் பொன் நிறமோ செம்பு நிறமோ பூசியிருக்க வேண்டும். கல்யாண வீட்டார் சீர்வரிசைக்கும் இதையே விரும்புகிறார்கள்.

மளிகை வியாபாரிகளாகிய நாம் இந்தச் சரக்கை விற்கிறோம். ஆனால் துவரம்பருப்பைக் கையில் எடுத்தவுடன் தரம் சொல்லும் நமக்கு, இந்தத் தட்டைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. தெரியாமல் விற்று நாங்கள் நட்டப்பட்ட கதையையும், அதன்பின் கேட்டறிந்த விவரங்களையும் நமது சங்க உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் வெளி மாநிலத்து வியாபாரி ஒருவரிடம் 300 மரத்தட்டுகளைக் கொள்முதல் செய்தோம். ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம். விளிம்பில் அலை அலையாகச் செதுக்கு வேலை, மேலே பொன் வண்ணம். தொட்டுப் பார்த்தாலொழிய மரம் என்று சொல்ல முடியாது. விலைப்பட்டியலில் ‘கோல்டு தட்டு’ என்று ஒரே சொல்லில் எழுதி, சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்கு அனுப்பினோம். தீபாவளிக்கு முன்பே அத்தனையும் தீர்ந்துவிட்டது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் ரிட்டன் வரத் தொடங்கியது. பல ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், ஒரு தட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பாதி விளிம்பில் பொன் நிறம் போய்க் கருப்பாக இருந்தது. மீதியில் பச்சை பூத்திருந்தது. அவருடைய வாடிக்கையாளரான வயதான அம்மாள், பித்தளைத் தாம்பாளம் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

“மரத்துல புளி போட்டுத் தேய்ச்சா நாங்க என்னங்க பண்றது?” என்றோம்.

“ஏனுங்கண்ணா, மரம்னு எங்க எழுதியிருந்துச்சு? எனக்கே நீங்க சொல்லலையே” என்றார் அவர்.

எங்களிடம் பதில் இல்லை. அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழில் நடக்கும் ஊரில், பொன்னிறமாக ஒரு தாம்பாளம் கைக்கு வந்தால் பெண்கள் அதைப் புளி போட்டுத்தான் துலக்குவார்கள். அந்த அம்மாள் மீது தவறில்லை. அதற்கடுத்த வாரங்களில், புளியே படாத தட்டுகள் நடுவில் வெடித்து வந்தன. அதற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை. மொத்தம் 112 தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு சிட்டையில் வரவு வைத்தோம். சரக்கு அனுப்பிய வியாபாரி அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

அப்போதுதான் இந்தத் தட்டு எப்படித் தயாராகிறது என்று விசாரிக்கப் புறப்பட்டோம். கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரும், பிரிண்டிங் பட்டறை நடத்தும் ஒரு நண்பரும் பொறுமையாக விளக்கினார்கள்.

மரம் காய்ந்திருக்க வேண்டும்

கடைசல் என்பது மரத்துண்டை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியை ஊன்றிப் பிடித்து வடிவம் எடுப்பது. பூரிக்கட்டை, பம்பரம், கட்டில் கால் எல்லாம் இந்த வேலைதான். பம்பரமும் கட்டில் காலும் உருளை வடிவம். தட்டு அப்படியல்ல. அகலமான பலகையில் இருந்து எடுப்பதால், ஈரம் இருந்தால் அதன் சேட்டை முழுவதும் தட்டில் தெரியும்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. மரத்தின் ரேகை ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில் அதிகம். அதனால் வட்டமாகக் கடைந்த தட்டு நாளடைவில் முட்டை வடிவம் ஆகிவிடும், அல்லது வெடித்துவிடும்.

நல்ல கடைசல்காரர் ஒரே மூச்சில் தட்டை முடிக்க மாட்டார். முதலில் கனமாகக் கடைந்து எடுப்பார். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் என்பது பொதுவான கணக்கு. 12 அங்குலத் தட்டு என்றால் ஏறத்தாழ 1¼ அங்குல கனம் விடுவார். அதை நிழலில் மாதக்கணக்கில் ஆற வைப்பார். கோணல் மாணலாக ஆனபின் மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி இறுதி வடிவம் எடுப்பார். இரண்டாம் முறை கடைந்த தட்டு பிறகு அதிகம் அசையாது. அவசரக்காரர் பச்சை மரத்தில் ஒரே முறையில் மெல்லியதாகக் கடைந்து, வண்ணம் பூசி, லாரியில் ஏற்றிவிடுகிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நமது பகுதிக்கு அது வந்து சேர்ந்ததும், எங்கள் கிடங்கில் இருந்தபடியே காயத் தொடங்குகிறது. எங்கள் தட்டுகள் வெடித்த காரணம் இதுதான்.

செதுக்கு வேலை அழகுக்கு மட்டும் அல்ல

விளிம்பில் வரி வரியாக, செதில் செதிலாக இருக்கும் அந்த வேலைப்பாடு பல வகையில் செய்யப்படுகிறது. வளைந்த முனை கொண்ட உளியால் கையால் வரிகள் எடுப்பது ஒன்று. தட்டு சுழலும்போதே பல் வைத்த கருவியை அழுத்திப் புள்ளிகள் விழச் செய்வது மற்றொன்று. கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து மரத்தின் மென்மையான பகுதியை அரித்துவிட்டு, கெட்டியான ரேகையை மட்டும் எழும்பி நிற்கச் செய்வது இன்னொன்று.

வழவழப்பான பரப்பில் பொன் வண்ணம் பூசினால் பிரஷ் கோடு அப்படியே தெரியும். பார்க்கத் தகரம் போலத்தான் இருக்கும். மேடும் பள்ளமும் இருந்தால் ஒளி ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியாகப் பட்டுத் தெறிக்கும். அதனால்தான் செதுக்கு வேலையும் உலோக வண்ணமும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன.

வண்ணம் பூசுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் மரத்தின் துளைகளை அடைக்க ஒரு பூச்சு. அது காய்ந்தபின் தட்டு முழுவதும் கருப்போ அடர்ந்த காப்பி நிறமோ பூசுவார்கள். அதன்பின் பிரஷ்ஷைப் பொன் வண்ணத்தில் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் லேசாகத் தடவிச் செல்வார்கள். பள்ளம் இருட்டாகவே இருக்கும், மேடு மட்டும் மின்னும். கடைசியாக நிறமில்லாத வார்னிஷ் பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சுதான் தட்டின் ஆயுள். தெரியாதவர் பொன் வண்ணத்தைத் தாராளமாக ஊற்றிப் பூசிவிடுவார். பள்ளம் எல்லாம் நிரம்பி, செய்த செதுக்கு வேலை மழுங்கிப் போகும். செலவும் அதிகம், அழகும் குறைவு.

உலோக வண்ணம் என்பது என்ன?

பொன் வண்ணம் என்ற பெயரில் நமக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் தங்கம் கிடையாது. அது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, அதாவது பித்தளைப் பொடி. செம்பு கூடினால் சிவப்பு ஓடும். துத்தநாகம் சுமார் 30 சதவீதம் வரை சேர்ந்தால் நல்ல மஞ்சள் பொன்னிறம் வரும். வெள்ளி வண்ணம் என்பது அலுமினியப் பொடி. மூன்றாவதாக அபிரகப் பொடி ஒன்று உண்டு. அபிரகத்தின் மெல்லிய தகடுகள் மீது டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது இரும்பு ஆக்சைடு பூசியது. இதில் உலோகமே இல்லை, ஆனால் முத்துப் போலவும் பொன் போலவும் மின்னும்.

இந்தப் பொடிகள் ஏன் மின்னுகின்றன? நமது பாஷையில் சொன்னால், இவை ரவை போல உருண்டையானவை அல்ல, அவல் போலத் தட்டையானவை. பூசியவுடன் இந்த நுண்ணிய அவல்கள் படுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடிகளாக ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

எங்கள் நண்பர் இதைப் பனியன் உதாரணத்தால் விளக்கினார். “பனியனில் கோல்டு பிரிண்ட் அடிக்கிறோம். இரண்டு துவைப்பில் ஒன்று உதிர்கிறது, இன்னொன்று துணி கிழியும் வரை நிற்கிறது. இரண்டிலும் பொடி ஒன்றுதான். பிடித்து வைக்கும் பைண்டர்தான் வேறு. மரத்திலும் அதே கதைதான்” என்றார். பொடி தானாக ஒட்டாது. அதைப் பிடித்து வைப்பது பசையோ வார்னிஷோதான். அந்தப் பிடிப்பு மட்டமாக இருந்தால் பொடி கையோடு வந்துவிடும்.

புளி விஷயத்துக்கு வருவோம். பித்தளைப் பாத்திரத்தில் புளி வேலை செய்வது, அதன் மேலுள்ள கறுத்த படலத்தைப் புளியின் அமிலம் கரைப்பதால்தான். மேல்படலம் போனாலும் அடியில் பித்தளை நிறைய இருக்கிறது. நமது தட்டிலோ இருப்பது முடியை விடவும் மெல்லிய பொடிப் படலம். அமிலம் பட்டால் அது கரையும். கரைந்து மிஞ்சிய செம்பு காற்றுபட்டுப் பச்சை பூக்கும். எலுமிச்சை, தயிர், ஊறுகாய் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். அபிரகப் பொடியானால் புளிக்கு அசையாது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் பசை தேய்ந்தால் அதுவும் போய்விடும்.

பழைய கைவினைஞர்கள் செய்த முறை

இந்தச் சிக்கலை நம் நாட்டுக் கைவினைஞர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். குஜராத் மாநிலத்தில் சங்கேடா என்ற ஊரின் கடைசல் மரச்சாமான்கள் புகழ்பெற்றவை. தேக்கு மரத்தில் கடைந்த ஊஞ்சல், நாற்காலிகளில் பொன்னிறப் பூவேலை இருக்கும். அது தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. வெள்ளீயத் தகட்டை வச்சிரப் பசையோடு சேர்த்துக் குழம்பாக்கி, அதைக் கொண்டு பூக்களை வரைகிறார்கள். காய்ந்ததும் அகேட் என்ற கெட்டிக் கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அப்போது வெள்ளி போல மின்னும். அதன்மேல் அரக்குப் பூச்சு கொடுத்தவுடன், அரக்கின் இளமஞ்சள் வழியாக வெள்ளீயம் பொன்னாகத் தெரிகிறது. மின்னும் பொருள் அடியில் பத்திரமாக இருக்கிறது, கை படுவது அரக்கின் மேல்தான்.

நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மைகள் செய்கிறார்கள். பெங்களூரில் இருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள ஊர். நமது வெட்பாலை மரத்தைத்தான் அங்கே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். சுழலும் மரத்தின் மேல் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சென்னபட்டணப் பொம்மையும் சங்கேடா மரச்சாமானும் புவிசார் குறியீடு பெற்றவை. நமது மாநிலத்தில் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பமும் 2020 ஆம் ஆண்டில் அந்தக் குறியீட்டைப் பெற்றது.

அரக்குக்கும் ஒரு குறை உண்டு. சூடும் சாராயமும் ஆகாது. கொதிக்கும் காப்பி டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அரக்குத் தட்டு விற்பவர்கள் இதையும் சொல்லி விற்க வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பருப்பு மூட்டை வந்தால் குத்தி மாதிரி எடுத்துப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. தட்டுக்கும் அப்படியே செய்யலாம். தேவையான சாமான்கள் அனைத்தும் நமது கடையிலேயே உள்ளன.

1. தராசு: லாட்டில் ஐந்து தட்டுகளை எடுத்து எடை போட்டு, அடியில் பென்சிலால் எழுதிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடை போடுங்கள். மழையில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 800 கிராம் தட்டில் 20 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கு பின்னால் வெடிக்கும்.

2. டேப்: ரேகை ஓடும் திசையில் ஓர் அளவும் குறுக்கே ஓர் அளவும் எடுங்கள். குறுக்களவு கண்ணுக்குத் தெரியும்படி குறைவாக இருந்தால், கடைந்தபின் மரம் சுருங்கியிருக்கிறது.

3. பனியன் வேஸ்ட்: வெள்ளைத் துணியால் விளிம்பை இருபது முறை அழுத்தித் தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் இருபது முறை. துணியில் மினுமினுப்பு ஒட்டினால் மேல்பூச்சு இல்லை அல்லது மட்டம். அந்தப் பொடி நாளை முந்திரியிலும் ஒட்டும்.

4. புளிக்கரைசல்: லாட்டுக்கு ஒரு தட்டை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு, விளிம்பில் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். நிறம் மங்கினாலோ, மறுநாள் பச்சை தெரிந்தாலோ, அது பாதுகாப்பில்லாத பித்தளைப் பொடி.

5. மூக்கு: பெயிண்ட் வாடை அடிக்கும் தட்டில் உலர்பழம் வைக்காதீர்கள். கொழுப்புள்ள பருப்புகள் வாடையை விரைவில் இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்ததே.

அடிப்பக்கத்தில் ஊசித்துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது. மா மரத் தட்டுகளில் இது சகஜம். அதை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது.

உணவு படலாமா?

இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். உலோக வண்ணம் பூசிய பரப்பில் உணவு நேரடியாகப் படக்கூடாது. உணவைத் தொடும் பொருள் உணவுக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு பேக்கேஜிங் ஒழுங்குமுறையின் அடிப்படை. செய்தித்தாளில் உணவுப் பொருளை மடித்துக் கொடுக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லப்பட்டதும் அதே ஒழுங்குமுறையில்தான். மை ஆகாது என்றால் பித்தளைப் பொடி மட்டும் ஆகுமா?

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. ரசத்துக்கு நாம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் பயப்பட வேண்டியது காரீயம். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016 ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. பட்டறைக்காரர் எந்த டப்பாவில் இருந்து பூசினார் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பெயர் தெரியாத டப்பா என்றால் சரக்கை விட்டுவிடுங்கள்.

உலர்பழத் தட்டு கட்டும்போது, பழங்களை உணவுத் தரப் பைகளில் அல்லது டப்பாக்களில் அடைத்து, பிறகு தட்டில் அடுக்குங்கள். உள்வட்டம் வண்ணம் பூசாத மரமாகவும், விளிம்பு மட்டும் வேலைப்பாடாகவும் உள்ள தட்டைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

சீட்டு ஒன்று வையுங்கள்

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம் பற்றித் தவறாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்கிறது. நாங்கள் ‘கோல்டு தட்டு’ என்று எழுதியது பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல. ஆனால் உண்மையைச் சொல்லாமல் விட்டதும் அந்த அம்மாளுக்குப் பொய்யாகத்தான் முடிந்தது.

இப்போது எங்கள் கடையில் இருந்து போகும் ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டுகிறோம். “இது மரத்தட்டு. பொன் நிறம் பூசியது. உணவை நேரடியாக வைக்க வேண்டாம். உலர்ந்த துணியால் துடைக்கவும். புளி, எலுமிச்சை, சூடான பாத்திரம் ஆகாது.” அச்சுக் கூலி ஒரு தட்டுக்குச் சில காசுகள். சீட்டைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. போகட்டும். தெரிந்து வாங்கியவர் திரும்பிக் கொண்டுவருவதில்லை.

வெடிக்காமல் திரும்பிய தட்டுகளை அந்தக் கடைசல் பெரியவரிடமே கொடுத்து, வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, மேல்பூச்சுடன் திருத்தி, அடக்க விலைக்கும் குறைவாக விற்றோம். மீதி விறகாயிற்று. அந்த வயதான அம்மாளுக்கு அனுப்பர்பாளையத்துப் பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வாங்கி, கடைக்காரர் மூலமாகக் கொடுத்தனுப்பினோம். அதைப் புளி போட்டுத் துலக்கலாம் என்றும் சொல்லச் சொன்னோம். அவர் இன்றும் அந்தக் கடையில்தான் மாதச் சாமான் வாங்குகிறார் என்று கேள்வி. அந்தக் கடைக்காரரும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

வரும் தீபாவளிக்குத் தட்டு வாங்க இருக்கும் உறுப்பினர்கள், இரண்டு வாரம் முன்னதாகவே மாதிரியை வரவழைத்து மேற்சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்து, பிறகு ஆர்டர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.